இரண்டு ஊர்களில் ஒரு ஜோடி

ஜூன் 9

சுண்டு,

உன் ரிப்போர்ட் வந்தது. வழக்கம்போல உள்ளே ஒரு வரி கூட இல்லை. ஆறு வருடமாக ஜூன் முதல் வாரத்தில் ஒரு பழுப்பு உறை வருகிறது. பிரித்தால் உன் ரத்தப் பரிசோதனைத் தாள் மட்டும். சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் என்ற வரிக்கு அடியில் பேனாவால் ஒரு கோடு. நீ கொடுத்த பொருள் பழுதில்லாமல் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று கடைக்காரர் தொட்டுக் காட்டுவது மாதிரி. நான் அதைப் பார்ப்பேன், பதில் எழுத உட்கார்வேன், அடுப்பில் ஏதோ இருக்கிறதென்று எழுந்துவிடுவேன்.

இந்த முறை எழுதுகிறேன். என்னிடமும் ஒரு ரிப்போர்ட் இருக்கிறது.

போன வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வானிலை நிலையத்து முற்றத்தில் மழைமானியைத் திறந்து, தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி அளந்தேன். பன்னிரண்டு புள்ளி நான்கு மில்லிமீட்டர். குனிந்து எழுதும்போது வலது விலாவை யாரோ பிடித்து முறுக்குவது போல் இருந்தது. ஆபீசர் பார்த்துவிட்டு, "என்னம்மா, முகம் சுண்ணாம்பு மாதிரி இருக்கு?" என்றார். "வாயு சார்" என்றேன். மத்தியானம் வாந்தி எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நான் ஒரு சொட்டுக்கூடச் சிறுநீர் கழிக்கவில்லை என்று. வானத்திலிருந்து விழுவதைப் புள்ளி வைத்து அளக்கிறவள் இதைக் கவனிக்கவில்லை.

கல். எட்டு மில்லிமீட்டர். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில் நின்று அடைத்துவிட்டது. மற்றவர்களுக்கு ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் ஓடும். என் இன்னொரு பக்கம் ஆறு வருடமாக உன் வயிற்றில் இருக்கிறது.

கல்லைத் தாண்டி ஒரு சின்னக் குழாயை உள்ளே வைத்து வழி திறந்துவிட்டார்கள். ஸ்டென்ட் என்கிறார்கள். சில வாரம் கழித்துக் கல்லை உடைப்பார்கள். நீ பதறாதே.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குழாய் வைத்த பிறகு என் கட்டிலில் தொங்கிய பை நிரம்பத் தொடங்கியது. நர்ஸ் காலி செய்துவிட்டுப் போவாள், திரும்பி வருவதற்குள் நிரம்பியிருக்கும். ஒரு நாளில் நான்கு லிட்டர் அறுநூறு மில்லி. என் கைப்பிடி அளவு சதை அது. நாள் முழுக்கக் கழுத்தை நெரித்து வைத்திருந்தும், கையை எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தது. இருபது வருடமாக மழை பார்க்கிறேன். எந்த மழைக்கும் நான் இப்படி வாயடைத்துப் போனதில்லை.

அக்கா

பி.கு: சரியாகத் தண்ணீர் குடிக்காததால் வந்த கல்லாம். உன்னை "தண்ணி குடி, தண்ணி குடி" என்று நச்சரித்தவள் நான். சிரித்துக்கொள்.


ஜூன் 13

அக்கா,

உன் கடிதம் வந்தபோது எட்டு அடுக்குத் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்திலேயே கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். தையல்கூடத்தில் கட்டிங் மாஸ்டர் கை நின்றால் பன்னிரண்டு மெஷினும் நிற்கும். "மாஸ்டர், உயிரோட இருக்கீங்களா, இல்லையா?" என்று ஒருத்தி கேட்டாள்.

சின்னக் குழாய் என்று எழுதியிருக்கிறாய். அது ஒரு சாணுக்கு மேல் இருக்கும். அதை எடுக்கும் தேதியை நீ எழுதவில்லை. முதலில் அதைக் கேட்டு வாங்கி, அத்தான் கண்ணில் படும் இடத்தில் ஒட்டு. சட்டைக்குள் குண்டூசியை மறந்தால் போட்டவன் அலறுவான், தெரிந்துவிடும். இந்தக் குழாய் அப்படியில்லை. பழகிப் போய், வலி குறைந்து, மறந்தே போகிறவர்கள் இருக்கிறார்கள். மறந்த குழாயின் மேலேயே கல் கட்டிக்கொள்ளும்.

ஆபீசில் யாராவது கைப்பையிலிருந்து வலி மாத்திரை எடுத்துக் கொடுப்பார்கள். வாங்காதே. சில மாத்திரைகள் சிறுநீரகத்தை அடிக்கும், உனக்கு அடி தாங்க இன்னொன்று இல்லை. எதைப் போடுவதானாலும் டாக்டரைக் கேட்டுப் போடு. தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துக் கடன் கழிக்காமல் நாள் முழுக்கப் பிரித்துக் குடி. அவசரம் வந்தால் எழுதுகிற வரியை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்காராதே. போனால் முடிந்தது என்று உடனே எழவும் எழாதே. ஒரு நிமிடம் இரு, மறுபடி வரும். மாடிப்படி ஏறினால் சிறுநீர் ரோஜா நிறமாகும். பயப்படாமல் உட்கார்ந்து தண்ணீர் குடி, தெளியும். கட்டி கட்டியாக வந்தால் மட்டும் ஓடு. கனமாக எதையும் தூக்காதே. நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டுக்கொள், ஆனால் ரொம்ப நேரம் எதிலும் உட்கார முடியாது.

காய்ச்சல் வந்தால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். மழையில் நனைந்தேன் என்பாய். சொல்லாதே. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

கீழே என் போன் நம்பர் இருக்கிறது. அவசரத்துக்கு மட்டும். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நாம் சண்டை போடுவோம். எழுது.

சுண்டு


ஜூன் 20

சுண்டு,

தேதி கேட்டேன். ஜூலை ஐந்தாம் தேதி கல்லை உடைத்து, புதுக் குழாய் வைத்து, பத்து நாளில் அதையும் எடுத்துவிடுவார்களாம். உன் அத்தான் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். தண்ணீர் பாட்டிலில் நகப்பூச்சால் கோடு போட்டு, பதினோரு மணிக்கு இந்தக் கோடு, ஒரு மணிக்கு இந்தக் கோடு என்று எழுதியும் வைத்திருக்கிறார். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஜாடி வைத்து, காலை எட்டு முதல் மறுநாள் காலை எட்டு வரை வெளியேறுவதை அளக்கிறேன். "ஆபீஸ்ல வானம், வீட்ல நீ. இனிமே ஊர்ல அளக்காம விட்டது ஒன்னும் இல்ல" என்கிறார்.

எக்ஸ்ரே காட்டினார்கள். குழாயின் மேல் நுனி சிறுநீரகத்துக்குள் சுருண்டிருக்கிறது, கீழ் நுனி சிறுநீர்ப்பைக்குள் சுருண்டிருக்கிறது. நழுவாமல் இருக்க அப்படியாம். சிறுநீர் கழிக்கும்போது கொஞ்சம் திரும்பி மேலே ஏறுகிறது. அந்த நொடி விலா முழுக்கப் பிடித்துக்கொள்கிறது. மெதுவாக, முக்காமல் விட்டால் குறைகிறது. நாற்பத்தாறு வயதில் இதைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறேன். இதுவரை யார் எனக்காக இதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று இருக்கிறது.

இன்னொன்று. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நேற்று ஆபீஸில் ஒருவருக்குப் பிரிவு உபசார விருந்து. பத்து நிமிடத்துக்குள் மூன்று முறை எழுந்து போனேன். உட்கார்ந்தால் அடிவயிற்றில் சுருண்ட நுனி குத்துகிறது. இப்போதே போக வேண்டும் என்கிறது, போனால் நாலு சொட்டு. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்றாவது முறை ஆபீசர் எல்லோர் முன்னாலும், "என்னம்மா, எங்க பக்கத்துல உக்கார அவ்வளவு கஷ்டமா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

நான் நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உனக்கு அறுவை முடிந்து நாலாவது வாரம் எங்கள் வீட்டில் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். நீ என் பக்கத்து நாற்காலி. பத்து நிமிடத்தில் மூன்று முறை எழுந்து போனாய். முகம் கடுகடுவென்று இருந்தது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கிளம்புகிறேன் என்றாய். சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று என்ன சொன்னேன் என்பதை நீயும் மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை. "என் பக்கத்துல பத்து நிமிஷம் உக்கார முடியலயா உனக்கு? உள்ள இருக்கறது யாரோடதுன்னு ஞாபகம் இருக்கா?"

போன கடிதத்தில் நீ எழுதியதெல்லாம் எந்தக் காகிதத்திலும் அச்சடித்துத் தருவதில்லை. நான் தேடிப் பார்த்தேன். மடித்த துண்டை யாரும் சொல்லவில்லை. ஒரு நிமிடம் இரு, மறுபடி வரும் என்று யாரும் சொல்லவில்லை.

சுண்டு, அன்றைக்கு உனக்குள்ளும் இது இருந்ததா?

அக்கா


ஜூன் 25

அக்கா,

இருந்தது.

புதிதாகத் தைத்த இடம் ஆறும் வரை வைப்பார்கள். உனக்குச் சொன்னார்கள். "தம்பிக்கு அடுத்த வாரம் ஒரு குழாய் எடுக்கணும்" என்று நர்ஸ் சொன்னபோது நீயும் அறையில்தான் இருந்தாய். வயிற்றுப் பக்கத்தில் தொங்கிய குழாயை நினைத்துக்கொண்டு, "அதான் போன வாரமே எடுத்தாச்சே" என்றாய். நான் திருத்தவில்லை.

ஏன் என்று கேட்பாய். நீ அப்போது தையலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் தும்மினாய். எனக்குக் கேட்கக் கூடாதென்று வாயை மூடித் தும்மினாய், ஆனால் கேட்டது. அப்படி இருந்தவளிடம் போய், அக்கா, நீ கொடுத்ததில் ஒரு இடத்தில் குத்துகிறது என்று நான் எந்த வாயால் சொல்வேன்? அன்று விருந்துக்கு வராமலே இருந்திருக்கலாம். பத்து நிமிடம் பல்லைக் கடித்தால் போதும் என்று கணக்குப் போட்டு வந்தேன். கணக்குத் தப்பிவிட்டது.

நீ சொன்ன வார்த்தையும் லேசானதில்லை. ஒரு வருடம் நான் கண்ணாடிக்கு முன்னால் சட்டையைக் கழற்றவில்லை. அடுத்த வீட்டுக்காரருடைய பெட்டியை நான் தூக்கிக்கொண்டு நிற்பது போலவே இருந்தது. அதனால்தான் ஊரை விட்டேன். இதையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பாதிப் பொய்.

விலாவில் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அது எனக்குத் தெரியாது. இடம் மாற்றி வைத்த சிறுநீரகத்துக்கு நரம்பு கிடையாதாம், வலித்தாலும் சொல்லாது. எனக்குக் கீழே மட்டும்தான் குத்தியது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வயிற்றில் கை வைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் இருப்பது உன்னோடு பேசுகிறது. என்னிடம் இருப்பது ஆறு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

சர்ஜன் எனக்குச் சொன்னதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ரத்தக் குழாயை இணைத்து, ரத்தத்தைத் தடுத்திருந்த கவ்வியை எடுத்ததும், வெளிறிப் போயிருந்த சிறுநீரகம் சிவந்ததாம். சிறுநீர்க் குழாயை இன்னும் தைக்கவில்லை, நுனி வெளியே கிடக்கிறது. அதிலிருந்து சொட்டத் தொடங்கிவிட்டதாம். "தைக்கற வரைக்கும்கூடப் பொறுக்கலங்க அது" என்று சொல்லிச் சிரித்தார். புது ஊர், புது ஆள். யார் நீ என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. வந்த உடனே வேலையில் உட்கார்ந்துவிட்டது. இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த பெரிய அதிசயம் அதுதான்.

ரிப்போர்ட்டில் கோடு போட்டது கடைக்காரனாக இல்லை. அது நன்றாக இருக்கிறது என்ற சந்தோஷத்தை வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

சுண்டு


ஜூலை 3

சுண்டு,

இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

திங்கட்கிழமை காலை நல்ல மழை. குடை பிடித்துக்கொண்டு மழைமானியைத் திறக்க முடியாது, நனைந்துதான் அளந்தேன். பத்து மணிக்குப் பல் கிட்டியது. சக ஊழியை போர்வை கொண்டுவந்து, "என்னக்கா, இப்படி நடுங்கறீங்க?" என்று கேட்டாள். நான், "ஒன்னுமில்ல, மழையில நனைஞ்சேன்" என்றேன். சொன்ன வாயை அப்படியே திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, "ஆட்டோ கூப்பிடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

குழாய் வழியாகத் தொற்று ஏறியிருந்தது. டாக்டரம்மா ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் பயமாக இருக்கிறது. "நாளைக்கு வந்திருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்" என்றார். கிரியாட்டினின் இரண்டு புள்ளி ஆறு. இந்தத் தொற்று தணியும் வரை கல்லைத் தொட முடியாது. இந்த ஒன்றும் போய்விட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தப் பதிலை நீ நான்கு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் கட்டுண்டு வாழ்ந்திருக்கிறாய். நான் வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இன்று ஒன்று புள்ளி எட்டு. இறங்குகிறது.

மூன்று நாளாக மல்லாந்து படுத்து யோசித்தேன். யாருடையது என்று உன்னைக் கேட்டேனே. இப்போது எனக்குள் இருப்பதைக்கூட என்னுடையது என்று சொல்ல நா எழவில்லை. நான் அதைச் செய்யவில்லை. ஒரு நாள்கூட அதற்கு வேலை சொல்லிக் கொடுத்ததில்லை. அது இருப்பதே எனக்கு அடைத்த பிறகுதான் தெரிந்தது. என்னுடையதாக இல்லாத ஒன்றைக் கொடுத்துவிட்டு, திருப்பிக் கேட்பவள் மாதிரி எழுந்து நின்றிருக்கிறேன். அதுவும் சாப்பிடுகிறவன் முன்னால்.

அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

அக்கா


ஜூலை 6

அக்கா,

டிக்கெட் எடுத்துவிட்டேன். பன்னிரண்டாம் தேதி காலை அங்கே இருப்பேன். மெஷின்காரிகள் கையைத் தட்டி அனுப்பிவைக்கிறார்கள்.

சுண்டு


ஜூலை 8

சுண்டு,

கிறுக்கா உனக்கு? இந்த வார்டில் ஆளாளுக்கு இருமுகிறார்கள். சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க நீ விழுங்கும் மாத்திரை உன் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப் போட்டிருக்கிறது. இங்கிருந்து ஒரு கிருமியை நீ எடுத்துக்கொண்டு போனால், அதற்கு நான் யாரைக் கேட்பது? டிக்கெட்டைக் கேன்சல் பண்ணு. பண்ணிவிட்டேன் என்று எழுது.

அக்கா


ஜூலை 11

கேன்சல் பண்ணிவிட்டேன். ஆறு வருடம் கழித்து ஹெட்மாஸ்டரம்மா மறுபடி பதவி ஏற்றுவிட்டார். முடிந்தவுடன் எழுது. நல்லதோ கெட்டதோ, முழுசாக எழுது.

சுண்டு


ஜூலை 30

சுண்டு,

முழுசாக எழுதச் சொன்னாய்.

பதினெட்டாம் தேதி கல்லை உடைத்து எடுத்தார்கள். புதுக் குழாய் வைத்தார்கள். பழையதைவிட இது நல்ல குணம், அல்லது எனக்குப் பழகிவிட்டது. நீ பயந்தது இந்தப் பழக்கத்துக்குத்தான் என்று ஃப்ரிட்ஜ் கதவைத் தினமும் பார்த்தேன். நேற்று காலை பதினொன்றரைக்குக் குழாயை எடுத்தார்கள். நேற்றைய கிரியாட்டினின் ஒன்று புள்ளி இரண்டு. அடுத்த மாதம் இங்கே வெயில் வந்துவிடும், யாரும் இருமமாட்டார்கள். வா. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுந்து போ.

இனி நேற்று நடந்தது. இதை உன் அத்தானிடம்கூட நான் சரியாகச் சொல்லவில்லை.

மயக்கம் கொடுக்கவில்லை. மரத்துப்போகும் ஜெல்லி மட்டும். மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விடும்போது டாக்டரம்மா, "ஸ்க்ரீன்ல பாக்கறீங்களா? சிலர் வேண்டாம்பாங்க" என்றார். பார்க்கிறேன் என்றேன். என் சிறுநீர்ப்பை திரையில் திறந்தது. வெளிறிய இளஞ்சிவப்பு. கிளை கிளையாக மெல்லிய ரத்த நாளங்கள், இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது போல. இத்தனை வருடம் கூடவே இருந்த அறை. ஒரு முறைகூட உள்ளே போனதில்லை. நடுவில் குழாயின் நுனி நீலமாகச் சுருண்டு கிடந்தது. அதை இடுக்கியால் கவ்வி இழுத்தார். பத்து நொடி இருக்கும். விலாவுக்குள்ளிருந்து யாரோ ஒரு கயிற்றை உருவியது போல் இருந்தது. வலி என்று சொல்ல மாட்டேன். வந்துவிட்டது.

"முடிஞ்சுதா டாக்டர்?"

"எடுத்தாச்சு. ஆனா உங்களுக்கு ஒன்னுதான. தானா இறங்குதான்னு கண்ணால பாத்துட்டு விட்டுடறேன்" என்று சொல்லி மறுபடி கேமராவை விட்டார்.

வலது பக்கச் சுவரில் ஒரு சின்ன வாய். வீங்கிச் சிவந்திருந்தது. குழாய் வந்த வழி அதுதான். அதன் முன்னால் கேமராவை நிறுத்தினார். இனி அது தானாக வேலை செய்ய வேண்டும்.

ஒன்றும் வரவில்லை.

டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நர்ஸ் கையில் எதையோ பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் மனதுக்குள் எண்ணினேன். இருபது. முப்பது. நாற்பத்தைந்து. மூச்சு விட்டால் அது கலைந்துவிடும் என்பது போல மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அறுபதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அந்த வாய் லேசாகச் சுருங்கியது. பிறகு திறந்தது. உள்ளிருந்து ஒரு சுழல் பாய்ந்து வந்தது. தண்ணீருக்குள் தண்ணீர். சர்க்கரைப் பாகு கரையும்போது ஓர் அலை தெரியுமே, அப்படி. வந்தது, கலந்தது, வாய் மூடிக்கொண்டது. டாக்டரம்மா, "ம்" என்றார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு இன்னொன்று. யாரும் சொல்லவில்லை, யாரும் தள்ளவில்லை. நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே இது நடந்துகொண்டிருக்கிறது. தூங்கும்போது, ஆபீஸில் கையெழுத்துப் போடும்போது, உன்னைத் திட்டிக்கொண்டிருந்தபோதும். என் கண்ணிலிருந்து காதுக்குள் ஓடியதை நர்ஸ் துடைத்துவிட்டாள். "வலிக்குதாக்கா?" என்றாள். தலையாட்டினேன், இல்லை என்று.

அப்புறம் டாக்டரம்மா கேமராவைத் திருப்பினார். "அந்தப் பக்கத்தையும் ஒரு தடவை பாத்துடலாம்."

இடது பக்கச் சுவரில் அதே உயரத்தில் இன்னொரு வாய். சுண்டு, அது அங்கேயே இருக்கிறது. சிறுநீரகத்தோடு எல்லாம் போய்விட்டதென்று நினைத்திருந்தேன். குழாயின் மேல் பாதியைத்தான் உனக்கு வெட்டி எடுத்தார்களாம், கீழ்ப் பாதி அப்படியே இருக்கிறது. வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. உதட்டை மூடிக்கொண்டு அமைதியாக இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதிலிருந்து எதுவும் வரவில்லை.

"இது வேலை செய்யாதும்மா. வழி பாதியிலயே முடிஞ்சிருச்சு" என்றார் டாக்டரம்மா.

"முடியல டாக்டர்" என்றேன். "மீதி வேற ஊர்ல ஓடிக்கிட்டிருக்கு."

அவர் கேமராவை உடனே எடுக்கவில்லை.

அக்கா